ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்

மார்ச் 3

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்டுக் கேட்டு என் தொண்டை போய்விட்டதால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று தடவை "முட்டி வலிக்குது" என்றேன். நீங்கள் மூன்று தடவையும் "சட்டியா? எந்தச் சட்டி?" என்றீர்கள். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டி, "ஏதாவது சண்டையா அக்கா?" என்று கேட்டாள். "சண்டை போடணும்னா ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணுமே டீச்சர்" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

இனிமேல் இப்படியே எழுதிக்கொள்ளலாம். பாப்பா பிறப்பதற்கு முன்னால் எழுதியதுதான். பேனா எங்கே இருக்கிறது என்று தேடவே அரை நாள் ஆனது.

முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தேன். தேய்மானம் என்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்ததால் சீக்கிரம் முடிந்தது. துணி ஸ்டோருக்குப் புது வாஷிங் மெஷின் இரண்டு வந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் படுக்கை விரிப்பு வெளியே வருகிறது. துவைப்பதற்குத்தான் மெஷின், மடிப்பதற்கு நாங்கள்தான். நின்றுகொண்டே மடிப்பதால் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. ஒரு ஸ்டூல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பாப்பா போன வாரம் பேசினாள். அவள் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. "அப்பா ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் சேர்ந்து இங்க வாங்கம்மா" என்றாள். செப்டம்பர் முப்பதுதானே உங்கள் கடைசி நாள்? பின்கட்டு அறை முழுக்க அவள் பள்ளிக்கூடச் சாமான்கள். அதை ஒழித்தால்தான் உங்கள் பெட்டியை வைக்க முடியும். லீவு கிடைக்கும்போது ஒழிக்கிறேன்.

காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


மார்ச் 11

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டியை நினைத்து வருத்தமாக இருந்தது. சட்டி என்று கேட்டதற்கு மன்னிக்கவும். எனக்கு உண்மையிலேயே சட்டி என்றுதான் விழுந்தது. முப்பத்தி நாலு வருஷம் ஆலையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பக்கத்தில் நின்றவன் காது, இந்த அளவுக்காவது கேட்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. விரல் பிடிக்கவில்லை. பேனாவில் துணி சுற்றி வைத்து எழுதுகிறேன்.

இங்கே ஒரு புதுக் கூத்து. ஐம்பத்தைந்து வயதுக்கு மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆலையில் வகுப்பு நடத்துகிறார்கள். ஓய்வுக்குத் தயாராவது எப்படி என்று மொத்தம் எட்டு வகுப்பு. கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். சொல்லிக்கொடுப்பது அலுவலகத்துப் பெண் ஒருத்தி, நம் பாப்பாவைவிடச் சின்னவள். ரொம்பப் பொறுமைசாலி. முதல் வகுப்பில் மனநிலை, இரண்டாவதில் சாப்பாடு, தூக்கம். போன வாரம் நேரத்தைத் திட்டமிடுதல். ஒரு காகிதத்தில் பெரிய வட்டம் போட்டு, அதை இருபத்து நாலாகப் பிரித்துக் கொடுத்தாள். ஓய்வுக்கு அப்புறம் ஒரு நாளை எப்படிக் கழிப்பீர்கள் என்று எழுதி வர்ணம் தீட்ட வேண்டுமாம். பதினோரு கிழவர்கள் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அடுத்த வேலைமேடையில் நிற்கிற ரேடியோவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பட்டப்பெயர்தான் அது. காலை எட்டுக்கு ஆரம்பித்தால் சங்கு ஊதும் வரை பேச்சு நிற்காது. கிரைண்டர் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தை விழாது. நான் தலையாட்டினால் அவருக்குப் போதும். ஏழு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் வட்டத்தில் பதினாறு மணி நேரத்துக்குத் தூக்கம் என்று எழுதிவிட்டு, "தூக்கத்தைப் பெரிசாப் போட்டுட்டா மிச்சம் சுலபம்மா" என்றார். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

மனைவிமாரும் ஒரு வட்டம் போட்டு அனுப்ப வேண்டுமாம். உனக்குத் தபாலில் வரும். தட்டிக்கழிக்காமல் எழுதி அனுப்பு.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


மார்ச் 20

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை படித்தேன். குளிரால் வரும் கோணல் இல்லை இது. "மன்னிக்கவும்" என்ற இடத்தில் பேனா கையைவிட்டு நழுவியிருக்கிறது, இழுப்பு தெரிகிறது. விரல் நுனி வெள்ளையாகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? மேஜையில் விழுந்த குண்டூசியை எடுக்க முடிகிறதா? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் எழுதுங்கள். ஆட்டம் கொடுக்கிற மெஷினைப் பிடிக்கிறவர்களுக்கு விரல் மரத்துப்போவதை, துணி கொண்டுபோகும்போது வார்டில் பார்த்திருக்கிறேன். ரோடு உடைக்கிற ஒருவர் படுத்திருந்தார். சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

பரிசோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வட்டம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையிலேயே நாலு நாளாகக் கிடக்கிறது. டீச்சர் பார்த்துவிட்டு, "என்னக்கா, வரைபடமா?" என்றாள். அனுப்புகிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

ஸ்டூல் தரவில்லை. எங்கள் பிரிவில் ஐம்பது வயதுக்கு மேலே நாங்கள் நாலு பேர்தான். ஒருத்திக்குக் கொடுத்தால் நாலு பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்குமாம். நாலு ஸ்டூலில் ஆஸ்பத்திரி திவாலாகிவிடும் போலிருக்கிறது. அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


ஏப்ரல் 8

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கேட்டதற்குப் பதில்: ஆமாம். முடியாது. முடியாது. பொத்தான் வைத்த சட்டையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனியன் மாதிரித் தலை வழியாகப் போடுவதைத்தான் வாங்குகிறேன்.

ஆனால் பரிசோதனையில் தேறிவிட்டேன். எப்படி என்று கேட்டால் திட்டுவாய். எழுதத்தான் போகிறேன், வேறு யாரிடம் சொல்வது. காது பார்க்க ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே இருந்த ஆள் ஒவ்வொரு தடவை சத்தம் கொடுக்கும்போதும் அவன் முழங்கை லேசாக அசைந்தது. முழங்கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். "உங்க வயசுக்குப் பரவாயில்லையே சார்" என்றான். விரலுக்கு, கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியின் கூர் முனையாலும் மொட்டை முனையாலும் மாற்றி மாற்றிக் குத்தினார் டாக்டர். கண்ணை முழுசாக மூடவில்லை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே மேடையிலிருந்து இறக்கி, வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். போன வருஷம் ஒருவரை அப்படி உட்கார வைத்தார்கள். வருகிற வண்டி நம்பரை எழுதுவது அவர் வேலை. நேற்று வரை அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன்களெல்லாம் உள்ளே போகும்போது, "என்ன, காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இன்னும் ஆறு மாசம். நின்றபடியே முடித்துவிடுகிறேன்.

உன் வட்டம் வகுப்புக்கு வந்தது. எல்லோருடையதையும் ஜோடி ஜோடியாகச் சுவரில் ஒட்டினாள் அந்தப் பெண். நான் காலையில் மனைவியுடன் நடை, பத்து மணிக்கு மனைவியுடன் டீ, சாயங்காலம் மனைவியுடன் கடைக்கு என்று போட்டிருந்தேன். மற்றவர்கள் அப்படித்தான் போட்டார்கள். நீ காலை எட்டிலிருந்து நாலு வரைக்கும் பச்சை தீட்டி ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறாய். தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன். இப்போது இருக்கிற நாளைக் கேட்கவில்லை. ஓய்வுக்கு அப்புறம் வரப்போகிற நாளைத்தான் எழுதச் சொன்னார்கள். நான் விட்டதும் நீயும் விட்டுவிடுவதாகத்தானே பேச்சு? ரேடியோ உன் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று விழவில்லை. தலையாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

முழங்கையைப் பார்த்துப் பட்டன் அமுக்கியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பயமாக இருந்தது. உங்கள் கையில் சுற்றுவது பொம்மை இல்லை. கூட வேலை செய்கிறவர்களும் மனுஷர்கள்தான். கேட்டில் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடுமா? நான் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்தும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

வட்டத்தை நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போன தடவை எட்டு நாள் லீவில் வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாவது நாள் காலையில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "தண்ணி குடிக்க எந்த டம்ளரை எடுக்கலாம்?" என்று கேட்டீர்கள். ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தீர்கள். அது உங்கள் வீடு. ஆனால் விருந்தாளி கேட்கிற மாதிரிதான் கேட்டீர்கள், நானும் விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். நீங்கள் கிளம்பின அன்றைக்குத் தலையணை உறையை மாற்றிவிட்டு, ரொம்ப நேரம் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தேன். நிம்மதியா, வருத்தமா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஆலை உங்கள் ஊருக்கு இடம் மாறினபோது, "மூணு வருஷம் பார்க்கலாம்" என்றுதான் போனீர்கள். பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது முப்பத்தி ரெண்டு.

குளிருக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போடுவது இல்லை, கம்பளியில் இருக்குமே, அது.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


மே 10

பாப்பா அம்மாவுக்கு,

இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு இரும்புப் பம்ப் உறையை வண்டியிலிருந்து மேடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய சைஸ். சங்கிலித் தூக்கியில் மாட்டித்தான் தூக்க வேண்டும். அந்தத் தூக்கி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் ரேடியோவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். எத்தனையோ தடவை அப்படித் தூக்கியிருக்கிறோம். அவர் ஏதோ பேசிக்கொண்டே தூக்கினார். நான் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோதும் விரல்கள் விளிம்பில்தான் இருந்தன. ஆனால் பிடி இல்லை. உறை என் பக்கம் சரிந்து, திரும்பி, அவர் இடது கால் மேல் விழுந்தது. பூட்ஸ் மூக்கில் இரும்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் விழுந்தது.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்து எலும்பு நொறுங்கியிருக்கிறது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினொரு மாசம்.

அன்றைக்கு மத்தியானமே சூப்பர்வைசர் விசாரணைக் காகிதத்தோடு வந்தார். அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "காயம்பட்டவர் காலை உள்ளே தள்ளி, தவறாக நின்றிருந்தார்" என்று வாசித்துக் காட்டிவிட்டு, "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, அப்படித்தானே நின்னார்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

காது கேட்காமல் தலையாட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேட்டது. அந்த அறையில் மெஷின் எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அவரே தவறாக நின்றார் என்று எழுதினால், அது வேலையில் பட்ட காயமாகக் கணக்காகாதாம். சொந்த லீவில் போகும். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்தும் நாலு நாள் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எனக்கு டீ வாங்கிக்கொடுத்து, "நீங்க மட்டும் சட்டுன்னு தூக்கி விடலைன்னா காலே போயிருக்கும்னு சொன்னாங்கண்ணா" என்றது. டீ சூடாக இருந்ததா என்று தெரியவில்லை. குடித்தேன்.

தூக்கம் வருகிறது, பசிக்கிறது, வேலைக்குப் போகிறேன். எதுவும் நிற்கவில்லை. அதுதான் எனக்கு வினோதமாக இருக்கிறது.

பாப்பா அப்பா


மே 15

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கடிதத்தைத் துணி ஸ்டோரில் வைத்துப் படித்தேன். கூட இருந்தவள், "ஏன் நின்னுட்டீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மடித்து முடித்தேன்.

உங்களைத் திட்ட மாட்டேன். முன்னாடியே திட்டியாகிவிட்டது. இப்போது செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். சூப்பர்வைசரிடம் போக வேண்டாம். அவர் தன் தலைக்கு வராமல் பார்த்துக்கொள்வார், சங்கிலித் தூக்கி இல்லாமல் தூக்கவிட்டவர் அவர்தானே. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் கண்டிப்பாக இருப்பார், அவரிடம் போய் எழுத்திலேயே கொடுங்கள். பிறகு டாக்டரிடம் விரலை நீட்டுங்கள். கண்ணை உண்மையாக மூடுங்கள். உங்கள் விரல் அந்த மனுஷனுக்குச் சாட்சி. நாள் தள்ளத் தள்ள அந்தக் காகிதம் கெட்டியாகிவிடும். ஆஸ்பத்திரியில் இருபத்தி ஏழு வருஷம் இருந்ததில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் அந்த அம்மாவிடமும் சொல்லுங்கள். அவர்கள் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறீர்கள்.

உங்களை உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் மூடி மறைத்தால் நன்றாக இருக்காது. பச்சை தீட்டியது தெரிந்தேதான் தீட்டினேன். ஜனவரியிலேயே இங்கே கூப்பிட்டுக் கேட்டார்கள், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறீர்களா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். முட்டி வலிக்கிறது, ஸ்டூல்கூடத் தராத இடம் அது. ஆனாலும் போட்டுவிட்டேன். வெளியே வரும்போது உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. நான்கு மாசம் ஆகிவிட்டது.

பாப்பாவுக்குத் தெரியாது.

முதலில் ஆலை விஷயத்தை முடியுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


ஜூன் 4

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்ன அறையில் இருந்தார். அந்த அறை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இதைக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். டாக்டர் திரும்பவும் ஊசியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரமாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறாரே என்று திறந்து பார்த்தால், குத்தி முடித்து எழுதிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் இரண்டிலும்தான் கொஞ்சம் உணர்வு மிச்சம் இருக்கிறதாம். கண்ணாடிக் கூண்டிலும் திரும்ப உட்கார்ந்தேன். இந்தத் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

விசாரணைக் காகிதத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். ரேடியோவுக்கு வேலையில் பட்ட காயம் என்றே பதிவாகிவிட்டது, சேர வேண்டியது சேரும். சூப்பர்வைசர் என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்னும் நாலு மாசம்தானேய்யா, வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே" என்றார்.

எனக்கு மருத்துவத் தகுதி இல்லை என்று எழுதி, மே 31ஆம் தேதியோடு அனுப்பிவிட்டார்கள். கேட்டில்கூட உட்கார வைக்கவில்லை. பூட்ஸ், கையுறை, கண்ணாடி, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். வகுப்பு நடத்துகிற பெண் ஓடி வந்து ஒரு சான்றிதழ் கொடுத்தாள். எட்டு வகுப்பில் ஆறுக்கு வந்ததாக அதில் போட்டிருக்கிறது. மீதி இரண்டில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். ஏழாவது முதலுதவி, எட்டாவது குழு போட்டோ என்றாள்.

ரேடியோவிடம் சொன்னேன். "தெரியும்யா. உன் பிடி போயி ஆறு மாசம் ஆச்சு. நான்தான் கனமான பக்கமாப் பார்த்துப் பிடிச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு மாறிப்போச்சு" என்றார். இதை என் முகத்துக்கு நேராக, மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னார். என் காதைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வருஷமாக என்னிடம் பேசியதெல்லாம் எனக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறார். அவர் மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய், நான் கிளம்புகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

உன் இரண்டு வருஷத்தைப் பற்றிப் படித்தேன். மடித்து வைத்தேன். டீ போட்டேன். உன்மேல் கோபம் எதுவும் இல்லை. அதைத் தேடிக்கூடப் பார்த்தேன்.

நான் அங்கே வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அறைக்கு இந்த மாத வாடகை கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஜூன் 28

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. முட்டி மோசமாகிவிட்டதோ என்று நினைத்தேன். பாப்பாவிடம் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்று எழுதியிருக்கிறாள்.

செவ்வாயும் வெள்ளியும் ரேடியோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். முதல் இரண்டு தடவை அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டது. இப்போது, "குடை எடுத்துக்குங்க" என்கிறது. அண்ணா என்று சொல்வதில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வாய் ஓயவில்லை. இப்போது அவர் வலது பக்கம் வருவதால், இந்தக் காதில் பாதியாவது விழுகிறது. அத்தனையும் குப்பை. சாக்கடை அடைப்பு, பஸ் நம்பர், மச்சான் வாங்கின பழைய கார். ஏழு வருஷமாக ஏதோ பெரிய விஷயம் பேசுகிறார் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறேன்.

மற்ற நாளில் அறையிலேயே இருக்கிறேன். காலையில் சங்கு ஊதுவது இங்கே வரைக்கும் வரும் என்கிறார்கள். எனக்கு விழாது. ஆனால் அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். இரண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரோ என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா சொன்னது. ஒரு பெண்பிள்ளை, சாம்பல் கலரில் கைப்பை, கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்ததாம். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டு, பேர் சொல்லாமல் போய்விட்டதாம். என் அக்கா மகளாக இருக்கும் என்று அவளுக்கு எழுதிக் கேட்டேன், அவள் இல்லை. வேறு யார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உனக்கு யாராவது தோன்றுகிறதா?

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஜூலை 5

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

அது நான்தான்.

உங்கள் ஜூன் 4 கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுதுவதைவிட நேரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று லீவு போட்டேன். முந்தின நாளே பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்கினேன். விலாசத்தை எட்டுப் பேரிடம் கேட்டேன். பதினோரு வருஷமாக நீங்கள் இருக்கிற தெரு. நான் வந்ததே இல்லை என்பது, அந்த எட்டுப் பேரிடம் கேட்கும்போதுதான் உறைத்தது.

மாடிப்படி ஏறி வந்தால் பூட்டு. வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்றாள். சொன்னேன். "அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார், நாலு மணிக்கு வந்துடுவார். நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள். அவருடைய சம்சாரம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறந்துதான் இருந்தது. "தூரத்துச் சொந்தம்" என்று வந்தது. "அப்படியா, அவருக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு இல்ல நினைச்சோம். பாவம், தனி ஆளு, இவ்வளவு வருஷத்துல ஒரு தொந்தரவு கிடையாது" என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

நாலு மணி வரைக்கும் இருக்கலாம் என்று படியில் உட்கார்ந்தேன். உங்கள் ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. கயிற்றில் ஒரு துண்டு, நன்றாக நீவிக் காயப் போட்டிருந்தீர்கள். துணியைப் பார்த்தே பொழுதைப் போக்குகிறவள் நான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் இது இல்லையே, நான் வந்தால் இதைச் செய்யலாமே என்று தேடிப் பார்த்தேன். எதுவும் கண்ணில் படவில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போய் என் வீட்டில் எங்கே வைப்பேன் என்று யோசித்தேன். பின்கட்டு அறையை நான் இன்னும் ஒழிக்கவே இல்லை. மார்ச்சிலிருந்து நாலு லீவு கிடைத்தது, நாலிலும் ஒழிக்கவில்லை.

இரண்டரை மணிக்கு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

நீங்கள் யார் யாரையோ யோசித்திருக்கிறீர்கள். அக்கா மகளுக்குக் கடிதம்கூட எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். காலைச் சாய்த்து நடக்கிற பெண்பிள்ளை என்று சொன்ன பிறகும் நான் உங்களுக்குத் தோன்றவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. உங்கள் சம்சாரம் என்று என் வாயிலும் வரவில்லை, உங்கள் நினைவிலும் வரவில்லை. அவ்வளவுதான். ஒருவர் மட்டும் மறந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இனிமேல் ஓய்வுக்கு அப்புறம், ஓய்வுக்கு அப்புறம் என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். நீங்கள் அங்கேயே இருங்கள். ரேடியோவின் காலுக்கு உங்கள் தோள் வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவும் என்றைக்காவது அண்ணா என்று கூப்பிடும். நான் இங்கே இருக்கிறேன். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அழுவாள். அவள் அழுவதற்குள் நானும் கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்று நேற்றுப் பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு கழுவி முடித்தேன்.

சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடாதீர்கள். குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள், முழங்கையில் உணர்வு இருக்கும். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ரேடியோ குப்பையாகப் பேசினாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

பதிலுக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
பாப்பா அம்மா